பாமினிப் பட்டியலைப் பைதனில் வாசிக்க

கேள்வி: எக்செலில் உள்ள எங்கள் வாடிக்கையாளர் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக்கி (தரவுகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் உரைக் கோப்பு), பைதன் கணினி மொழியில் வரிவரியாக வாசித்து, காற்புள்ளி வரும் இடங்களில் பிரிக்கிறேன். ஐந்து நிரல்கள் (நெடுவரிசைகள்) வரவேண்டிய சில வரிகளில் ஆறு, ஏழு வருகின்றன. பழைய பெயர்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் உள்ளன. அடையாள அட்டை இலக்கங்களும் கெட்டுவிட்டன. என்ன செய்யலாம்?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: ‘45/2, காலி வீதி, கொழும்பு 06’ என்ற முகவரியிலேயே இரண்டு காற்புள்ளிகள். அதற்காகத்தான் எக்செல் அதை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுச் சேமிக்கிறது. வரியைக் காற்புள்ளியில் வெட்டும் பைதனின் ‘ஸ்பிளிட்’ அந்த மேற்கோளைக் கண்டுகொள்வதில்லை. பைதனோடு வரும் சிஎஸ்வி தொகுதியின் ரீடரைப் பயன்படுத்துங்கள்.

பாமினியில் சிக்கல் இன்னும் மோசம். அது ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் தமிழ் வடிவில் காட்டும் எழுத்துரு. அதில் ‘இ’ எழுத்தின் இடத்தில் இருப்பதே காற்புள்ளிதான். ‘இலங்கை’ என்று அடித்தால் கோப்பில் அந்தச் சொல் காற்புள்ளியோடுதான் தொடங்கும். அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்தும் தப்ப முடியாது, மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதைத்தான் பாமினி எடுத்துக்கொண்டது. முழுக் கோப்பையும் முதலில் யுனிகோடாக்கிவிடலாம் என்று பலர் இறங்குவார்கள். வேண்டாம்: நிரல்களைப் பிரிக்கும் காற்புள்ளிகளும் ‘இ’ ஆகிவிடும், ஆங்கிலத்தில் உள்ள முகவரிகளும் சிதையும். ரீடர் பிரித்துத் தந்த பிறகு, பாமினி உள்ள பெயர்களை மட்டும் பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியில் கொடுங்கள்.

புதிய பெயர்கள் யுனிகோடில் இருந்தால், எக்செலில் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையைத் தெரிந்து சேமியுங்கள். சாதாரண சிஎஸ்வி என்றால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியே இல்லை. பைதனில் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் ‘யுடிஎஃப்-8-சிக்’ என்றும், நியூலைனுக்கு வெற்றுச் சரம் என்றும் கொடுங்கள். ‘சிக்’கை விட்டால் முதல் நிரலின் தலைப்பில் கண்ணுக்குத் தெரியாத குறியொன்று ஒட்டிக்கொள்ளும், நிரல்களைத் தலைப்பின் பெயரால் எடுத்துத் தரும் டிக்ட்ரீடரில் அந்தத் தலைப்பைக் கேட்டால் ‘கீ எரர்’ என்ற வழு வரும்.

அடையாள அட்டை விடயத்தில் பைதன் மேல் பழியில்லை. 12 இலக்க எண்ணை எக்செல் 1.98523-க்குப் பின்னால் ‘ஈ கூட்டல் 11’ என்று சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியிலும் அந்தச் சுருக்கமே போய்ச் சேரும். மூல எக்செல் கோப்பில் அந்த நிரலை ‘0’ எண் வடிவத்துக்கு மாற்றி மீண்டும் சேமித்தால் இலக்கங்கள் திரும்பிவிடும். தொலைபேசி எண்ணின் முதல் பூச்சியம் மட்டும் போயிருந்தால் பைதனில், முன்னால் பூச்சியம் நிரப்பும் ‘இசட்ஃபில்’லுக்கு 10 கொடுங்கள். பைதனின் தரவு நூலகமான பாண்டாஸில் வாசிப்பதானால் எல்லா நிரல்களையும் எண்ணாக அல்லாமல் சரமாக (எழுத்தாக) எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதுவும் பூச்சியத்தை விழுங்கும். சரிபார்க்கும்போது சிஎஸ்வியை நோட்பேடில் திறவுங்கள். எக்செலில் திறந்து சேமித்தால் பழையபடி கெடும்.