பொசிட்டானோல ரூம் போடலாமா?

கேள்வி: செப்டம்பர்ல இத்தாலி போறோம், நான், வீட்டுக்காரர், மாமியார். அமால்ஃபி கடற்கரைக்கு மூணு நாள் ஒதுக்கியிருக்கோம். பொசிட்டானோல தங்கி, கார் வாடகைக்கு எடுத்து சுத்தலாம்னு அவர் சொல்றார். அத்தைக்கு முட்டி வலி, சுத்த சைவம் வேற. சரிப்பட்டு வருமா? – கோவை வாசகி

பதில்: கார் வேண்டவே வேண்டாம்ங்க. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல்னு வளைஞ்சு வளைஞ்சு போற குறுகல் ரோடு, எதிர்ல பஸ் வந்துட்டா யாராவது ரிவர்ஸ் எடுத்தாகணும், சீசன்ல நம்பர் பிளேட் ஒத்தைப்படையா இரட்டைப்படையான்னு பார்த்து வேற விடுவாங்க, அதையும் தாண்டிப் போனா பார்க்கிங் கிடைக்காது. ஓட்டுறவர் கடலையே பார்க்க முடியாது, பாவம்.

பொசிட்டானோவும் வேண்டாம், ஊரே படிக்கட்டு. கடற்கரையோட கிழக்கு முனையில இருக்குற சலெர்னோ ஊர்ல ரூம் போடுங்க. நேப்பிள்ஸ்ல இருந்து ட்ரெயின் இருக்கு, ஸ்டேஷன் பக்கத்துலயே படகுத்துறை, அமால்ஃபிக்கு சுமார் 35 நிமிஷம். பொசிட்டானோவை படகுல இருந்து பார்க்குறதுதான் அழகு. கடல் கொந்தளிச்சா படகு ஓடாது, அன்னிக்கு பஸ்தான், டிக்கெட்டை ஏறுறதுக்கு முன்னாடியே சிகரெட் கடையில வாங்கிக்கோங்க.

அமால்ஃபி கதீட்ரலுக்கு 62 படி. அத்தையை கீழ காபி கடையில உட்கார வச்சுட்டு நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. அங்க இருக்குற வெண்கலக் கதவு 11ஆம் நூற்றாண்டுல கான்ஸ்டான்டிநோபிள்ல (இப்போ இஸ்தான்புல்) வார்த்தது, அந்தக் காலத்து அமால்ஃபி வியாபாரிங்க கடல் கடந்து அவ்ளோ செல்வாக்கா இருந்திருக்காங்க.

அத்தைக்குன்னே அமைஞ்ச ஊர், அமால்ஃபிக்கு மேல மலையில இருக்குற ரவெல்லோ. பஸ் மேல வரைக்கும் போகும், நடு சதுக்கம் சமதளம், தோட்டத்தோட இருக்குற பழைய மாளிகை வில்லா ரூஃபோலோ, அதோட வாசல் அங்கேயே இருக்கு. 1880ல ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் இந்தத் தோட்டத்தைப் பார்த்துட்டு, தன்னோட பார்சிஃபால் ஓபராவுல வர்ற மந்திரவாதி தோட்டம் இதுதான்னு குதிச்சாராம். அதே ஊர்ல இருக்குற இன்னொரு தோட்ட மாளிகை வில்லா சிம்ப்ரோனேக்கு கொஞ்சம் ஏறி நடக்கணும், அத்தையோட முட்டியைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

ஒரு நாள் அத்தை ரெஸ்ட் எடுத்தா, நீங்க ரெண்டு பேரும் 'கடவுள்களின் பாதை'ங்கிற மலைப் பாதையில நடக்கலாம். பொமெரானோல ஆரம்பிச்சு, பொசிட்டானோவுக்கு மேல இருக்குற நோச்செல்லே வரைக்கும் போங்க, பெரும்பாலும் இறக்கம்தான். தலைகீழா போனா மூச்சு வாங்கும்.

சாப்பாட்டுல ஒண்ணு கவனம். செட்டாராங்கிற மீனவர் ஊர் பக்கம் வெறும் எண்ணெய், பூண்டு போட்ட ஸ்பகெட்டி மாதிரி ஒண்ணு வரும், பார்த்தா சைவம்னுதான் தோணும், ஆனா அதுல கொலத்துரா ஊத்தியிருப்பாங்க, நெத்திலியை உப்புல ஊற வச்சு வடிச்ச சாறு. "சென்சா பெஷே"ன்னு (மீன் வேண்டாம்) முன்னாடியே சொல்லிடுங்க. எலுமிச்சை கேக்குல முட்டை இருக்கும், அத்தைக்கு லெமன் கிரானிட்டா (எலுமிச்சை ஐஸ்) வாங்கிக் கொடுங்க.