பட்டறைப் பதில்கள்: அமெரிக்காவுக்கே ஆள் இல்லையாம்!

கேள்வி: ஐயா, என் மகன் இந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிறான். சிஎன்சி (கணினி கட்டளைப்படி உலோகம் வெட்டும் இயந்திரம்), பொருள் வார்க்கும் அச்சு செய்வது என்று இயந்திரத் தொழில் பக்கம் போக ஆசைப்படுகிறான். என் தம்பியோ, "அமெரிக்காக்காரன் தொழிற்சாலைகளைத் தன் ஊருக்கே திருப்பிக் கொண்டுபோகிறான், இதைப் படித்து எங்கே வேலை பார்ப்பான்?" என்று தடுக்கிறான். நான் யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: மகன் பேச்சைக் கேளுங்கள் அம்மா. உங்கள் தம்பி செய்தி படிக்கிறவர், சந்தோஷம். ஆனால் பாதியோடு பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

மீதிப் பாதி இதுதான். 2022இல் அமெரிக்கா சிப் தயாரிப்பைத் தன் மண்ணுக்குக் கொண்டுவர 52.7 பில்லியன் டாலருக்குச் சட்டம் போட்டது. அரிசோனாவில் தைவானின் சிப் நிறுவனம் டிஎஸ்எம்சி கட்டிய ஆலை 2024இல் உற்பத்தி தொடங்க வேண்டியது. 2023 ஜூலையில் அதை 2025க்குத் தள்ளிப்போட்டார்கள். நிறுவனம் சொன்ன காரணம், நுட்பமான கருவிகளைப் பொருத்தத் தெரிந்த ஆட்கள் அங்கே போதவில்லை என்பது. பணமும் நிலமும் இயந்திரமும் இருந்தும் ஆள் இல்லை. 1979இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஏறக்குறைய 1.95 கோடிப் பேர் வேலை செய்தார்கள். இன்று 1.3 கோடிக்கும் கீழே. கை தேர்ந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனபோது, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள இளைஞன் இல்லை. கட்டடத்தை இரண்டு மூன்று வருடத்தில் எழுப்பிவிடலாம். அச்சும் வெட்டுக் கருவியும் செய்கிற ஒரு நல்ல டூல்மேக்கர் அந்த வேகத்தில் உருவாவதில்லை.

நம் பினாங்குக்கு அந்த இடைவெளி விழவில்லை. துன் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்தபோது, 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. இன்டெல் உள்பட முதல் நிறுவனங்கள் வந்தன. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த பெண்பிள்ளைகள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியை விட மெல்லிய கம்பியைச் சிப்பில் இணைத்தார்கள். 1989இல் நிறுவனங்களும் மாநில அரசும் கல்விக்கூடமும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தன. என்ன பாடம் நடத்துவது என்பதில் தொழிற்சாலைக்காரர்களுக்கே பெரிய பங்கு. அதனால்தான் 2021 டிசம்பரில் இன்டெல் இங்கே 30 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்) முதலீடு என்று அறிவித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. 2024இல் அரசாங்கம் அறிவித்த செமிகண்டக்டர் திட்டத்தில் 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிப்பது ஓர் இலக்கு. நல்லதுதான். அந்தப் பொறியாளர் வரைந்ததை வெட்டித் தருகிற டெக்னீஷியனைப் பற்றியும் அதே சத்தத்தில் பேசினால் இன்னும் நன்றாக இருக்கும்.

சரி, பையன் எங்கே சேரலாம்? உங்களுக்கு எட்டும் தூரத்திலேயே நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது, பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பாலிடெக்னிக் இருக்கிறது. விளம்பரத் தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நேரில் போய், பட்டறைக்குள் நுழைந்து ஒன்றைக் கவனியுங்கள்: வெட்டும் துண்டைப் பிடித்து வைக்கிற வைஸை இயந்திர மேசையில் யார் நேராக்குகிறார்கள்? டயல் கேஜை (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) ஸ்பிண்டிலில் (இயந்திரத்தின் சுழல் தண்டு) மாட்டி, வைஸின் தாடையை ஒட்டி மெல்ல ஓட்ட வேண்டும். முள் விலகினால் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடியும் ஓட்டம், மறுபடியும் ஒரு தட்டு. முள் ஆடாமல் நிற்கும்வரை இதேதான். இதை மாணவன் தன் கையால் செய்தால் அது நல்ல இடம். ஆசிரியர் செய்து வைத்ததில் பட்டனை மட்டும் அழுத்துகிறான் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்று. இயந்திரத்திலிருந்து சூடாக வந்த அலுமினியத் துண்டை உடனே அளக்கலாமா என்று அங்குள்ள பையனிடம் கேட்டுப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் அலுமினியம், சூடு 15 டிகிரி இறங்கினால் 0.035 மில்லிமீட்டர் சுருங்கும். சூட்டில் சரியாக இருந்தது, தரச் சோதனை அறைக்குப் போனதும் ரிஜெக்ட். இதைத் தெரிந்த பையனுக்கு பிறையிலும் வேலை உண்டு, அரிசோனாவிலும் உண்டு. தம்பியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பிறையில் சின்ன மெஷினிங் பட்டறை வைத்திருக்கிறேன், பதினைந்து பேர். பையனைப் பிடித்து வேலை கற்றுக் கொடுத்தால், கையில் தொழில் வந்ததும் பெரிய கம்பெனிக்கு ஓடிவிடுகிறான். இனிமேல் எதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்?
- கோபத்தில் ஒரு முதலாளி

பதில்: கோபம் நியாயம். ஆனால் கற்றுக்கொடுக்காவிட்டாலும் அவன் ஓடத்தான் செய்வான், வேலை தெரியாமல் இருக்கும்வரை உங்கள் டூல்களை உடைத்துவிட்டு. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருந்தால் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவளப் பயிற்சி நிதியைக் கவனிக்கும் எச்ஆர்டி கோர்ப்புக்கு லெவியாகக் கட்டுகிறீர்கள் அல்லவா? அது பயிற்சிக்காக நீங்கள் திரும்பக் கேட்டு வாங்கக்கூடிய பணம். பல பட்டறைக்காரர்கள் அதை வரி மாதிரி கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். எஸ்எல்டிஎன் என்கிற இரட்டைப் பயிற்சி முறையையும் பாருங்கள். பயிற்சியின் பெரும்பகுதி உங்கள் பட்டறையிலேயே நடக்கும், முடிவில் பையனுக்கு எஸ்கேஎம் என்கிற மலேசியத் திறன் சான்றிதழ்.

நான் இருந்த ஒரு தொழிற்சாலையில் சான்றிதழ் வாங்கி வந்த பையனுக்கு ஒரு வெள்ளிகூட ஏற்றவில்லை. பழைய லைனிலேயே நிறுத்தினார்கள். அடுத்த சீனப் பெருநாள் போனஸ் கையில் விழுந்ததும் கிளம்பிவிட்டான். நானாக இருந்தாலும் கிளம்பியிருப்பேன். எஸ்கேஎம் லெவல் 2க்கு இவ்வளவு, லெவல் 3க்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், அப்புறம் இயந்திரத்தைத் தயார்செய்யும் செட்டப் வேலையை நம்பி ஒப்படையுங்கள். சிலர் அப்போதும் போவார்கள். நாலு பேரில் இரண்டு பேர் தங்கினால் உங்கள் பட்டறைக்கு அது போதும்.

கேள்வி: வயது 43. இருபது வருடமாக புரொடக்‌ஷன் ஆபரேட்டர். படிவம் மூன்றோடு படிப்பு நின்றுவிட்டது. லைனில் மெஷின் கோளாறானால் டெக்னீஷியன் வருவதற்குள் நானே சரிசெய்துவிடுவேன். ஆனால் பதவி மட்டும் வரவில்லை. இனி படிக்க முடியுமா?
- ஒரு வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: வகுப்பில் போய் உட்கார வேண்டியதே இல்லை அக்கா. திறன் மேம்பாட்டுத் துறையில் பிபிடி என்று ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையை ஆதாரத்தோடு காட்டினால், மதிப்பீட்டாளர் வந்து பார்த்து எஸ்கேஎம் தருவார்கள். ஆதாரக் கோப்பு தயாரிப்பதுதான் சிரமம். எந்தக் கோளாறு, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் இன்றிலிருந்தே எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் முதலில் அனுமதி கேளுங்கள், பல தொழிற்சாலைகளில் கைப்பேசிக்கே தடை. கையெழுத்துப் போட மறுக்கும் சூப்பர்வைசராக இருந்தால் மனிதவளப் பிரிவுக்கு நேராகப் போங்கள், மலாயிலேயே ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு.