எக்ஸிட் 69 எங்கே போயிற்று?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் வந்திருக்கிறோம். ஜூலையில் நானும் மனைவியும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, அரிசோனாவில் கிரீன் வேலி என்ற ஊரில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போகிறோம். கோவைக்கும் சென்னைக்கும் இருபது வருடமாக ஓட்டுகிறவன். சாலையைக் கண்டு பயமில்லை. இங்கே உள்ள பலகைகள்தான் தலைசுற்ற வைக்கின்றன. 'டூசானில் ஐ-19 பிடித்து, எக்ஸிட் 69-ல் இறங்குங்கள்' என்கிறார் மைத்துனர். மேப்பில் பார்த்தால் அந்தச் சாலையின் மொத்த நீளமே 63 மைல்தான். பிறகு 69 எங்கிருந்து வந்தது? வழியில் வேறென்ன விசித்திரங்கள் காத்திருக்கின்றன?

பதில்: உங்கள் மைத்துனர் சொன்னது சரி, மேப் காட்டுவதும் சரி. எக்ஸிட் எண் என்பது சாலை தொடங்கும் இடத்திலிருந்து உள்ள தூரம். ஐ-19-ல் அது மைல் அல்ல, கிலோமீட்டர். 'ஐ' என்ற எழுத்தோடு வரும் அமெரிக்க தேசிய விரைவுச் சாலைகளில், அதாவது இன்டர்ஸ்டேட்களில், தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதியிருப்பது இது ஒன்றுதான். 63 மைலைக் கிலோமீட்டராக்கினால் கிட்டத்தட்ட 102. அதற்குள் 69 தாராளமாக அடங்கும்.

1975-ல் அமெரிக்கா மெட்ரிக் முறைக்கு மாறுவதாக ஒரு சட்டம் போட்டது. யாரையும் கட்டாயப்படுத்தாத சட்டம். மெக்சிகோ எல்லையைத் தொடும் சாலை என்பதால் 1980-களின் தொடக்கத்தில் ஐ-19-ல் கிலோமீட்டர் பலகைகளை நட்டார்கள். நாடு மாறவில்லை, பலகைகள் நின்றுவிட்டன. 2009 வாக்கில் எல்லாவற்றையும் மைலுக்கு மாற்றப் பார்த்தபோது தடுத்தவர்கள் அந்த வழியில் கடை, விடுதி வைத்திருப்பவர்கள்தான். 'எக்ஸிட் 34-ல் இறங்குங்கள்' என்று விளம்பரமெல்லாம் அச்சடித்து வைத்திருந்தால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

இதில் சிக்கல் ஒன்று உண்டு. தூரம்தான் கிலோமீட்டரில் இருக்கும். வேகவரம்பு மைலிலேயே இருக்கும். காரின் முள்ளும் மைல்தான். மணிக்கணக்காக மைல் பலகைகளைப் பார்த்துப் பழகிய கண், '1 கிமீ' என்பதையும் மைலாகவே எடுத்துக்கொள்ளும். மணிக்கு 75 மைல் வேகத்தில் ஒரு மைல் கடக்க 48 விநாடி. ஒரு கிலோமீட்டருக்கு 30 விநாடிதான். இடது லேனில் நிதானமாக லாரியைத் தாண்டிக்கொண்டிருந்தால் அந்த 18 விநாடி வித்தியாசத்தில் எக்ஸிட் போய்விடும். அதனால் ஐ-19-ல் ஏறியதுமே வலது லேனுக்கு வந்துவிடுங்கள். எக்ஸிட் எண்கள் தெற்குக் கோடியான நொகாலெஸிலிருந்து தொடங்குவதால், டூசானிலிருந்து போகும் உங்களுக்கு அவை நூறை ஒட்டித் தொடங்கி இறங்குமுகமாக வரும். 69, அதாவது டுவால் மைன் ரோடு, ஏறிய இடத்திலிருந்து சுமார் 33 கிலோமீட்டர். இருபது நிமிடம்கூட ஆகாது.

இனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கே வருவோம். உங்களுக்கு உண்மையான சோதனை அங்கேதான்.

நம் ஊரில் ஊர்ப்பெயரைப் பார்த்து ஓட்டுகிறோம். சேலம் என்று போட்டிருந்தால் சேலம். அமெரிக்கப் பலகையில் ஊர்ப்பெயர் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் கேடயத்துக்குள் இருக்கும் எண், அடுத்து அதன் அருகே உள்ள திசைச் சொல், மூன்றாவது அம்பு எந்த லேனுக்கு நேரே நிற்கிறது என்பது. இந்த வரிசை ஏன் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. எழுத்தின் உயரத்தில் ஒரு அங்குலத்துக்கு 30 அடி தூரத்திலிருந்து படிக்கலாம் என்று வைத்துத்தான் பலகைகளை அமைக்கிறார்கள். 16 அங்குல எழுத்து என்றால் 480 அடி. 75 மைல் வேகத்தில் கார் விநாடிக்கு 110 அடி பாய்கிறது. ஆக உங்கள் கையில் இருப்பது நாலரை விநாடிக்கும் குறைவு. அதற்குள் 'சான் பெர்னார்டினோ' என்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க முடியாது. கேடயத்தின் வடிவமும் நிறமும் அதற்கு வெகு முன்பே கண்ணில் பட்டுவிடும்.

நீலமும் மேலே சிவப்புப் பட்டையுமாக இருக்கும் கேடயம் இன்டர்ஸ்டேட். உங்களுக்கு வேண்டிய ஐ-10 அது. பச்சை நிறத்தில் மண்வெட்டியின் தலையைப் போல இருப்பது கலிபோர்னியா மாநிலச் சாலை. தங்கம் தோண்டியவர்களின் மண்வெட்டியை நினைவுபடுத்தும் வடிவம். அரிசோனாவில் நுழைந்தால் மாநிலச் சாலையின் சின்னம் அந்த மாநில வரைபடத்தின் வடிவத்துக்கு மாறிவிடும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இதில் ஒரு ரசனை: கன்சாஸ் சூரியகாந்தி வைத்திருக்கிறது, யூட்டா தேன்கூடு, பென்சில்வேனியா வளைவின் உச்சிக்கல், வாஷிங்டன் மாநிலம் ஜார்ஜ் வாஷிங்டனின் தலையையே.

இரட்டைப்படை எண் கிழக்கு மேற்காக ஓடும், ஒற்றைப்படை வடக்கு தெற்காக. எண் சிறியதென்றால் தெற்கே அல்லது மேற்கே இருக்கிறது என்று பொருள். 1926-ல் வந்த பழைய யு.எஸ். சாலைகளுக்கு இது தலைகீழ். இரண்டின் எண்களும் அருகருகே வந்து குழப்பக்கூடாது என்றே இன்டர்ஸ்டேட்டுக்கு எதிர்த்திசையில் எண்ணினார்கள். ஐ-10 தெற்கே ஓடுவதும் யு.எஸ். 10 வடக்கே இருப்பதும் இதனால்தான்.

திசைச் சொல்லை மட்டும் திசைமானியோடு ஒப்பிடாதீர்கள். ஐ-10 மொத்தத்தில் கிழக்கு மேற்குச் சாலை என்பதால் எங்கும் 'ஈஸ்ட்' அல்லது 'வெஸ்ட்' என்றே இருக்கும். ஆனால் ஃபீனிக்ஸிலிருந்து டூசான் போகும்போது கார் உண்மையில் தென்கிழக்கே ஓடுகிறது. 'தெற்கே போக வேண்டும், ஈஸ்ட் என்று போட்டிருக்கிறதே' என்று தயங்கி லேன் மாறுபவர்கள் உண்டு. பலகை ஈஸ்ட் என்றால் ஈஸ்ட்தான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மேற்குப் பக்கத்திலிருந்து கிளம்பினால் ஒரு கண்டம் இருக்கிறது. சான்டா மோனிகா ஃப்ரீவே என்ற பெயரில் வரும் ஐ-10, நகரின் கிழக்கே சிறிது தூரம் ஐ-5-ஓடு சேர்ந்து ஓடி, பிறகு மறுபடி பிரிந்து சான் பெர்னார்டினோ ஃப்ரீவே ஆகிறது. போக்கிலேயே நேராகப் போனால் மாநிலச் சாலை 60-ல் இருப்பீர்கள். அப்படிப் போய்விட்டாலும் பதற வேண்டாம், 60-உம் பியூமான்ட் ஊரில் ஐ-10-லேயே வந்து சேர்கிறது.

கலிபோர்னியாவில் எக்ஸிட் எண்ணையே சிலர் தவறவிடுவார்கள். மற்ற மாநிலங்களில் பச்சைப் பலகையின் தலையில் தனியாக ஒரு சிறு பட்டை நிற்கும். எக்ஸிட் எண் அதில் இருக்கும். பட்டை வலது ஓரத்தில் நின்றால் வலப்பக்கம் இறங்க வேண்டும், இடது ஓரத்தில் நின்றால் இடப்பக்கம். அங்கே மஞ்சளில் 'லெஃப்ட்' என்றும் எழுதியிருக்கும். கலிபோர்னியா 2002-ல்தான் மாநிலம் முழுக்க எண் போட ஆரம்பித்தது. ஏற்கெனவே நிற்கும் இரும்புச் சட்டங்கள் மேல் இன்னொரு பட்டையை ஏற்றினால் காற்று தள்ளும் விசை கூடும் என்பதால், பல இடங்களில் எண்ணைப் பலகைக்குள்ளேயே மேல் மூலையில் அடக்கிவிட்டார்கள். தலையில் தேடாதீர்கள், மூலையில் தேடுங்கள்.

பலகையின் அடியில் மஞ்சள் பட்டையில் கறுப்பு எழுத்தாக 'எக்ஸிட் ஒன்லி' என்று வந்தால், நீங்கள் இருக்கும் லேன் இறங்கியே தீரும். புதிதாக ஓட்டுகிறவர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். கடைசி நொடியில் வெள்ளைக் கோட்டைக் குறுக்கே வெட்டி உள்ளே வருவதைவிட, பேசாமல் இறங்கி, திரும்ப ஏறுவது மேல். ஐந்து நிமிடம்தான் நஷ்டம். டவுன்டவுனுக்கும் எல் மான்டேக்கும் இடையே ஐ-10-ல் 'எக்ஸ்பிரஸ் லேன்ஸ்' வரும். காரில் எத்தனை பேர் இருந்தாலும், சுங்கத்தைத் தானாகக் கழிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி இல்லாமல் அதில் போக வேண்டாம். வாடகைக் காருக்கு வீண் தண்டம்.

பலகையில் எண் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இதே நகரத்தில் ஒரு கதை உண்டு. 110 ஃப்ரீவேயில் வடக்கே போகும் பக்கத்தில் ஐ-5-க்கான பிரிவை மேலே தொங்கும் பலகை முன்கூட்டிக் காட்டவில்லை. ரிச்சர்ட் ஆங்க்ரம் என்ற ஓவியக் கலைஞர் அதிகாரபூர்வ அளவுகளைப் பார்த்து, அலுமினியத்தில் ஐ-5 கேடயமும் 'நார்த்' என்ற சொல்லும் செய்தார். புதிதாகப் பளபளத்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று மேலே லேசாகச் சாம்பல் நிறப் பெயின்ட் தெளித்து, மற்றப் பலகைகளின் மங்கலுக்குக் கொண்டுவந்தார். 2001 ஆகஸ்டில் பட்டப்பகலில் சாலைப் பணியாளர் வேடத்தில் ஏறி மாட்டிவிட்டு இறங்கினார். பல மாதம் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகும் நெடுஞ்சாலைத் துறை அதைச் சோதித்துப் பார்த்து அப்படியே விட்டுவைத்தது. 2009-ல் பலகைகளை மாற்றியபோது, புதியதில் ஐ-5-ஐத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். இதைவிட நல்ல சான்றிதழ் ஒரு வடிவமைப்பாளருக்குக் கிடைக்காது. நீங்கள் முயன்று பார்க்க வேண்டாம், அது குற்றம்.

நகரைத் தாண்டிப் பாலைவனத்தில் இறங்கும்போது 'இண்டியோ / அதர் டெசர்ட் சிட்டீஸ்' என்று ஒரு பலகை வரும். 'இதர பாலைவன ஊர்கள்'. பாம் ஸ்பிரிங்ஸ் முதலாக வரிசையாக இருக்கும் ஊர்களில் எதைப் போடுவது, எதை விடுவது என்ற தலைவலியை மூன்று சொல்லில் முடித்துவிட்டார்கள். ஃபீனிக்ஸ் பெயர் இல்லையே என்று குழம்ப வேண்டாம். சான் பெர்னார்டினோ, இண்டியோ, பிளைத் என்று ஒவ்வொன்றாக வந்தபிறகே ஃபீனிக்ஸ் வரும். ஐ-10 ஈஸ்ட் என்று இருக்கிறதா, அது போதும்.

கொலராடோ ஆற்றுப் பாலத்தில் மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 240-ஐத் தாண்டிய எக்ஸிட் எண் அரிசோனாவில் மறுபடி 1-லிருந்து தொடங்கும். எண்ணும் தூரமும் ஒன்றே என்பதால் கழித்தால் போதும்: எக்ஸிட் 112-ஐத் தாண்டியிருக்கிறீர்கள், டூசானில் ஐ-19 பிரியும் இடம் எக்ஸிட் 260, மீதி 148 மைல். ஃபீனிக்ஸ் நெரிசலைத் தவிர்க்க, அரிசோனா வரைபட வடிவச் சின்னத்தில் 'லூப் 202' என்று வருவதைப் பிடித்துத் தெற்குப் பக்கமாகச் சுற்றலாம். அந்தப் பகுதி 2019 டிசம்பரில் திறந்தது. நகருக்குத் தெற்கே மீண்டும் ஐ-10-ல் சேரும்.

நம் மஞ்சள்-வெள்ளை மைல்கல்லுக்கு ஈடாக அரிசோனாவில் சாலையோரம் நெட்டுக்குத்தாகச் சிறிய பச்சைப் பலகை, மைல்போஸ்ட், இருக்கும். கார் நின்றுவிட்டு 911-ஐ அழைத்தால் 'ஐ-10 ஈஸ்ட், மைல்போஸ்ட் இத்தனை' என்று சொன்னால் போதும். கலிபோர்னியாவின் வெள்ளைக் குச்சிப் பலகையை அப்படி வாசித்துச் சொல்லாதீர்கள்; அதன் கணக்கு ஒவ்வொரு கவுன்டியிலும் (நம் மாவட்டம் போல) புதிதாகத் தொடங்கும். அங்கே கடைசியாகத் தாண்டிய எக்ஸிட் எண்ணைச் சொல்லுங்கள்.

ஜூலை என்றதால் புழுதிப் புயலையும் சொல்ல வேண்டும். ஃபீனிக்ஸ்–டூசான் இடையில், மைல்போஸ்ட் 209 முதல் 219 வரை, புழுதியை உணர்ந்து வேகவரம்பைத் தானாகக் குறைக்கும் மின்பலகைகள் இருக்கின்றன. 75 என்று இருந்த எண் சட்டென்று இறங்கினால் முன்னே வானம் தெளிவாகத் தெரிந்தாலும் குறைத்துவிடுங்கள். புழுதிக்குள் சிக்கிவிட்டால் சாலையை விட்டு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு வலப்பக்கம் விலகி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எல்லா விளக்குகளையும் அணையுங்கள், ஹசார்டு விளக்கு உட்பட. பிரேக்கிலிருந்து காலையும் எடுத்துவிடுங்கள். நம் ஊர்ப் பழக்கத்துக்கு நேர் எதிர் இது. பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, அதுதான் சாலை என்று நினைத்து நேரே வந்து மோதுவார், அதனால்தான். சீட் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருங்கள்.

இடப்பக்கம் ஓட்டியே பழகிய உங்களுக்கு இன்னொன்று. பெட்ரோல் போட இறங்கிவிட்டு இருட்டில் திரும்ப ஏறும்போது, தரையில் பதித்த பிரதிபலிப்பான்கள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்ன வேண்டும். சிவப்பாக மின்னினால் எதிர்த்திசையில் ஏறுகிறீர்கள். ஓரத்தில் தாழ்வாக 'ராங் வே' என்ற சிவப்புப் பலகையும் நிற்கும். அங்கேயே நின்று, விளக்கு போட்டு, பின்னால் எடுங்கள். வளைவுப் பாதையில் வேகத்தைச் சொல்லும் மஞ்சள் பலகை யோசனை, வெள்ளைப் பலகை சட்டம். ஆனால் 35 என்று மஞ்சளில் இருந்தால் 35-க்குக் குறைத்துவிடுவதே நல்லது.

கிரீன் வேலியிலிருந்து தெற்கே டுபாக் வரை ஒரு நடை போய்வருவதானால் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வடக்கே வரும் லேன்களில் எல்லைக் காவல் சோதனைச்சாவடி இருக்கிறது. ஐ-19 முடியும்வரை கிலோமீட்டர்தான், ஐ-10-ல் மீண்டும் ஏறிய பிறகுதான் பலகையில் இருப்பது மைல்.