வாசகர் கேள்வி – பதில்: ஈழப் போரின் நினைவும் நம் ஊர்க் கவியரங்கமும்

கேள்வி: எங்கள் தோட்டத்து இளைஞர்கள் இலங்கைப் போரை நினைத்துப் பொது மண்டபத்தில் கவியரங்கமும் ஓவியக் கண்காட்சியும் நடத்த விரும்புகிறார்கள். '2009-ல் முடிந்த போருக்கு இங்கே பாட்டெழுதி அங்கே என்ன இணக்கம் வரப்போகிறது?' என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கலைக்கு அப்படியோர் ஆற்றல் உண்டா ஐயா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: பெரியவர்கள் கேட்பது நியாயமே. கவிதை காணாமற்போனவரை மீட்டுத் தராது. பறிபோன காணியையும் விடுவிக்காது. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்து போராடிய தாய்மாரிடம், 'நடந்ததை மறந்துவிடுங்கள்' என்று சொல்லும் கலை நமக்கு வேண்டாம். அரசு தரும் அடையாளங்களையும் நம்பியிருக்க முடியாது: 2016 சுதந்திர தின விழாவில் தமிழிலும் ஒலித்த தேசிய கீதம், 2020 விழாவில் ஒலிக்கவில்லை.

ஆயினும், எதிர்த்தரப்பினர் கேட்க மறுத்த இழப்பை அவர்கள் மனத்துக்குள் கொண்டு சேர்க்கும் வல்லமை நல்ல கவிதைக்கு உண்டு. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான கொடுமையை, கிழக்கிலங்கைக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையில் எழுதினார். சிங்கள மக்களை ஏசுவதற்கு மாறாக, அவர்கள் வணங்கும் புத்தரே சுடப்பட்டு, நூல்களோடு எரிக்கப்படுவதாக அக்கவிதை காட்டுகிறது. அதைப் படிக்கும் பௌத்தர் எவரும், அந்தத் தீயைத் தமிழரின் நட்டம் என்று மட்டும் ஒதுக்கிவிட்டுப் போக இயலாது. இணக்கத்துக்கு இதைவிட நேர்மையான அழைப்பை நான் படித்ததில்லை.

ஓவியத்துக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன், போரால் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமான 80 பேரை அவரவர் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் செய்து, அவற்றை 2011-ல் நூலாக்கினார். அந்தக் கோடுகள் பெரும்பாலும் தேர்ந்த ஓவியர் போட்டவை அல்ல. அதனாலேயே அவை நெஞ்சைப் பிடிக்கின்றன. அதில் முஸ்லிம்களும் இருப்பதை உங்கள் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியதைப் பேசாத மேடை, தமிழர் துயரை மட்டும் எத்தனை உருக்கமாகப் பாடினாலும், இணக்கத்துக்கான மேடை ஆகாது. மட்டக்களப்பில் 1996-ல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, தமிழ், முஸ்லிம் குழந்தைகளை ஒன்றாக விளையாடவும் கதை கட்டவும் ஓவியம் தீட்டவும் வைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இந்தத் துணிவைத்தான் காட்டியது.

இங்கே நடத்துவதில் பொருள் உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. கங்காணி முறையில் நம் முன்னோர் மலாயாவின் பால்மரக் காட்டுக்கு வந்ததைப் போலவே வேறு சிலர் இலங்கையின் தேயிலை மலைக்குப் போனார்கள். அவர்களின் வழித்தோன்றல்களில் மிகப் பலர் 1948-ன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில்பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு மாண்டவர்களைப் பற்றிப் பல குடும்பங்கள் நெடுங்காலம் வாய்திறக்கவில்லை. பேசப்படாத துயரம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை நாமும் அறிவோம்.

ஆகவே பரிசுப் போட்டியாக வைக்காதீர்கள். இலங்கை வழிவந்த குடும்பங்கள் உங்கள் வட்டாரத்தில் இருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். அவர்கள் சொல்ல விரும்பாததை மேடையில் கேட்காதீர்கள். போரை எதிர்த்து எழுதிய சிங்களக் கவிஞர்களின் படைப்புகளைத் தமிழில் தேடி எடுத்து, நம் கவிதைகளோடு அதே அரங்கில் வாசியுங்கள்.