டாக்குமென்டேஷன்ல ஸ்பெல்லிங் மட்டும் திருத்தினா அத ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புனு சொல்லிக்கலாமா?

தாராளமா சொல்லிக்கலாம். நீங்க காலேஜ் கடைசி வருஷமா இருப்பீங்க, ரெஸ்யூமில போடலாமானு யோசிச்சுதான் கேட்டிருப்பீங்க. நான் போட்டிருக்கேன்.

மேட்பிளாட்லிப்னு பைத்தான்ல வரைபடம் போடுற லைப்ரரி இருக்கு, அதோட டாக்குமென்டேஷன்ல ஸ்கேட்டர்ங்கிற ஃபங்ஷனோட பக்கத்த படிச்சிட்டிருந்தப்ப ஒரு வார்த்தைல ஒரு எழுத்து விட்டுப்போயிருந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலைனு அந்த ஃபங்ஷன் இருக்கிற பைபிளாட்ங்கிற கோடு ஃபைல திறந்து தேடுறேன், அந்த வரியே அங்க இல்ல. ராத்திரி வெகுநேரம் தேடினப்புறம்தான் புரிஞ்சுது, பைபிளாட்ல இருக்கிற அந்த மாதிரி ஃபங்ஷனெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் உண்டாக்குறது, விளக்கம் ஆக்ஸஸ் (Axes) கிளாஸ்ல இருக்கிற மெத்தடோட டாக்ஸ்ட்ரிங்ல, அதாவது கோடுக்குள்ளயே எழுதி வைக்கிற விளக்கத்துல இருந்து வருது, அத ஸ்ஃபிங்க்ஸ்ங்கிற டூல் எடுத்து வெப் பக்கமா மாத்துது. அந்த ஒரு இடத்துல திருத்தினா பைபிளாட் பக்கம், ஆக்ஸஸ் பக்கம் ரெண்டும் சரியாகும். கோடு எப்படி அடுக்கியிருக்காங்கனு எனக்குத் தெரிய வந்ததே இப்படித்தான்.

அதோட நிக்காம, ஒரு இடத்துல 'ஆக்ஸஸ்'னு இருந்தத பிழைனு நெனச்சு 'ஆக்ஸிஸ்'னு (axis) மாத்திட்டேன். ரிவ்யூ பண்ணவர் பொறுமையா விளக்கினார்: இங்க ஆக்ஸஸ்னா படம் வரையுற மொத்தக் கட்டம், ஆக்ஸிஸ்னா எக்ஸ், ஒய்னு ஒவ்வொரு அச்சு. ரெண்டும் வேற வேற ஆப்ஜெக்ட். நான் மாத்தினது அப்படியே போயிருந்தா படிக்கிறவங்க இல்லாத மெத்தட தேடி அலைஞ்சிருப்பாங்க. கோட்ஸ்பெல் மாதிரி எழுத்துப்பிழை பாக்குற டூல் இதையெல்லாம் பிடிக்காது, ரெண்டுமே சரியான வார்த்தைதானே.

"கமா வச்சவனெல்லாம் கான்ட்ரிப்யூட்டரா"னு யாராவது வருவீங்க, தெரியும். ஓப்பன் சோர்ஸுக்கு மாற்றம் அனுப்பினா டீஷர்ட் குடுத்த ஹேக்டோபர்ஃபெஸ்ட்னு ஒரு நிகழ்ச்சி, 2020ல அந்த டீஷர்ட்டுக்காக ஒண்ணுமில்லாத மாற்றத்த அனுப்பிக் குவிச்சாங்க, அதனால வந்த கெட்ட பேரு இது. நான் அதச் சொல்லல. மேட்பிளாட்லிப் பராமரிக்கிறவங்களோட வழிகாட்டிலயே டாக்குமென்டேஷனுக்கு 'முன்ன இருந்தத விட நல்லாருக்கா'னு பாத்தா போதும்னு இருக்கு. அவங்களுக்கே அது போதும்னா மத்தவங்களுக்கு என்ன?

ஒரு கம்பெனி இன்டர்வியூல இதப் பாத்துட்டு "கோடு எதுவும் எழுதலயா"னு கேட்டாங்க. கேட்டது பரவால்ல.

நீங்க ரெஸ்யூமில போடுங்க. எந்த வரிய, ஏன் மாத்தினீங்கனு மட்டும் நினைவுல வச்சுக்கோங்க, அதத்தான் கேப்பாங்க.