சபைக்குக் காணி கொடுக்க ஒரு கடிதம் போதுமா?

கேள்வி: விசுவமடுவில் இருக்கிறேன். என் கணவர் 2009இல் காணாமல் போனவர், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து தங்கள் காலில் நிற்கிறார்கள். எங்கள் சிறிய சபை முன்பள்ளி ஒன்று தொடங்க நினைக்கிறது. என்னிடம் காசு இல்லை. ஆனால் குடியிருக்கும் பெர்மிட் காணியில் ரோட்டோரம் கால் ஏக்கர் சும்மா கிடக்கிறது. முள்ளியவளையில் அம்மா சீதனமாக உறுதி எழுதித் தந்த நாலு பரப்பு இருக்கிறது. கணவரின் பெயரில் ஒரு லான்ட்மாஸ்டரும் (இரு சில்லு உழவு இயந்திரம்), என்னுடைய கொஞ்ச நகையும் உண்டு. இவற்றில் எதையாவது ஆண்டவருக்குக் கொடுக்க ஆசை. முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதி, கிராம சேவையாளரிடம் கையெழுத்து வாங்கித் தந்தால் போதும் என்கிறார் போதகர். கணவரின் தம்பியோ, தனது சம்மதம் இல்லாமல் எதையும் கொடுக்க முடியாது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: சகோதரி, இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. நீங்கள் குறிப்பிட்ட நாலு சொத்துக்கும் சட்டத்தில் நாலு வழி இருக்கிறது. இலகுவானதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நகை உங்களுடையது. அசையும் சொத்தைக் கொடுக்க மனைவிக்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை, மைத்துனரின் சம்மதம் கேட்கவே வேண்டாம். கையில் கொடுத்தால் கொடுத்ததுதான். ஆனாலும் சபையின் பெயரில் ஒரு பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் நகையின் நிறையும் எழுதப்பட்டிருக்கட்டும். ஈட்டில் இருக்கும் நகையானால் மீட்ட பிறகு கொடுங்கள்.

லான்ட்மாஸ்டரைக் கொடுக்க முடியாது. வாகனப் பதிவில் கணவரின் பெயர் இருக்கும்வரை வேறொருவர் கையெழுத்துப் போட்டு அதை மாற்ற இயலாது. மரணப் பதிவு பற்றிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தத்தின்படி, காணாமல் போனவர் என்பதற்கான சான்றிதழை நீங்கள் பெறலாம். அது அவருடைய சொத்தைப் பார்த்துக்கொள்ள உதவும், தானமாக எழுதிக் கொடுக்க உதவாது. மரணச் சான்றிதழ் எடுத்தால் வழி திறக்கும். ஆனால் ஒரு லான்ட்மாஸ்டருக்காக அதை எடுங்கள் என்று உங்களிடம் சொல்ல என் வாய் வராது. அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டிய காலத்தில், வேறு காரணத்துக்காக எடுங்கள். இப்போதைக்கு முன்பள்ளிக்கு மண்ணும் கல்லும் ஏற்ற வண்டியை இரவலாகக் கொடுங்கள். அதுவும் ஒரு காணிக்கைதான்.

அடுத்தது பெர்மிட் காணி. வன்னியில் அதிகம் பேர் தவறு விடுவது இதில்தான். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி உங்கள் கையில் இருந்தாலும் உரித்து அரசாங்கத்திடம் இருக்கிறது. அதை நன்கொடையாக எழுதவோ, ஒரு துண்டைப் பிரித்துக் கொடுக்கவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை. கிராம சேவையாளர் கையெழுத்துப் போட்டாலும், சபையார் எல்லோரும் சாட்சி வைத்தாலும் அந்தக் கடிதம் வெறும் தாள். உங்களுக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளராகச் சபையின் பெயரைப் போடலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். அதுவும் முடியாது. கணவன் அல்லது மனைவி, இல்லாவிட்டால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள உறவினர், இவர்களைத்தான் நியமிக்கலாம். பெர்மிட்டுக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் கிடைத்த காணி என்றால் நிலைமை கொஞ்சம் மாறும். பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன் அனுமதியோடு கைமாற்றலாம். அனுமதி இல்லாமல் எழுதிய உறுதி செல்லாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பெர்மிட்டின் நிபந்தனையை மீறினால் அதை இரத்துச் செய்ய பிரதேச செயலாளர் அறிவித்தல் அனுப்பலாம். கால் ஏக்கரைக் கொடுக்கப் போய் குடியிருக்கும் காணியையே இழக்கவா? சபைக்கும் அதனால் எதுவும் கிடைக்கப்போவதில்லை.

இதற்கு நேரான வழி ஒன்று உண்டு. அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கல்வி, சமயம், தர்மம் போன்ற தேவைகளுக்கு அரச காணியை இலவசமாகவோ பெயரளவு விலைக்கோ விசேட அளிப்பாக அல்லது குத்தகையாகக் கொடுக்க இடமிருக்கிறது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியது சபை, நீங்கள் அல்ல. காலம் எடுக்கும், அலைய வேண்டிவரும், ஆனால் கிடைத்தால் யாரும் பறிக்க முடியாது. அதுவரை உங்கள் காணியின் விளைச்சலைக் கொடுங்கள். நெல்லுக்கும் கச்சானுக்கும் தேங்காய்க்கும் எந்தப் பிரதேச செயலாளரின் அனுமதியும் வேண்டாம். முதற்பலன் என்று வேதத்தில் சொல்வதும் விளைச்சலைத்தானே.

இனி முள்ளியவளைக் காணிக்கு வருவோம். இரண்டு காணியிலும் உண்மையிலேயே கொடுக்கக்கூடியது இதுதான். சீதனக் காணி உங்களுடைய தனிச்சொத்து. கணவருக்கே அதில் உரித்து இல்லை என்றால் அவருடைய தம்பிக்கு எங்கே இருந்து வரும்? தம்பியார் பேசுவதைப் பேசட்டும்.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. தேசவழமை, அதாவது வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம், பொருந்தும் மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். இல்லாத மனிதரிடம் சம்மதம் எப்படி வாங்குவது? நல்ல வேளை, அதே சட்டம் விடையும் சொல்கிறது. கணவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால், அவரின் சம்மதம் இல்லாமலே கைமாற்ற அதிகாரம் கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். உங்களுக்கு அது முல்லைத்தீவு. நீங்கள் ஏற்கெனவே செய்த முறைப்பாடுகள், காணாமற்போனோர் அலுவலகக் கடிதம், சான்றிதழ் எடுத்திருந்தால் அது, இவை எல்லாம் கைகொடுக்கும். இந்த உத்தரவு இல்லாமல் உறுதி எழுத ஒரு நொத்தாரிசு சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்க வேண்டாம். நாளைக்கு அதைத்தான் பிடித்துக்கொண்டு வழக்குப் போடுவார்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். உங்கள் கணவரின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து குடியேறியதா? வன்னியில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். திருமண காலத்தில் பெண்ணுக்குத் தேசவழமை பொருந்துமா என்பது கணவருக்கு அது பொருந்துமா என்பதைப் பொறுத்தது. அவருக்குப் பொருந்தாவிட்டால் இந்தச் சம்மதமே தேவைப்படாது. இதை உங்கள் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

நன்கொடை உறுதி நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டில் இருந்து இந்த நாட்டில் காணிக்கு இதுதான் விதி. பெறுபவர் அதே உறுதியில் ஏற்றுக்கொண்டு கையெழுத்திடுவது நல்லது. ஏற்காத நன்கொடை முழுமையடையாது. பிறகு காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். எழுதுவதற்கு முன் தோம்பு (காணிப் பதிவகப் பதிவேட்டின் பிரதி) எடுத்துப் பாருங்கள். அம்மாவின் உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தாலும், அது பதியப்பட்டிருந்தால் பிரதி எடுக்கலாம்.

அப்புறம், யாருக்கு எழுதுவது? என்னைக் கேட்டால் முழு விசயத்தின் உயிர்நாடியும் இங்கேதான் இருக்கிறது. கத்தோலிக்க ஆயர்களுக்கு 1906ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் அங்கிலிக்கன் சபையான இலங்கைத் திருச்சபைக்கு 1998ஆம் ஆண்டின் சட்டமும் சட்ட ஆளுமை, அதாவது தன் பெயரிலேயே சொத்து வைத்திருக்கும் தகுதி, கொடுத்திருக்கின்றன. ஆயர் மாறினாலும் காணி மாறாது. ஊர்களில் உள்ள பல சிறு சபைகளுக்கு அது இல்லை. பாராளுமன்றச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்து கூட்டிணைப்பதும் லேசில்லை. தர்மப்பணியும் சமயப்பரப்பும் ஒன்றாக இருந்தன என்ற காரணத்தால், 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையின் சட்டமூலமே உயர் நீதிமன்றத்தில் தடைப்பட்டது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2005இல் அது உரிமை மீறல் என்று சொன்னது.

சட்ட ஆளுமை இல்லாத சபைக்கு எழுதினால் உறுதியில் கடைசியில் யார் பெயர் வரும்? போதகரின் பெயர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் காலமான பிறகு அந்தக் காணி அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அவர்கள் வெளிநாட்டில் இருந்தால் அங்கிருந்தே அற்றோர்னி (அதிகாரப் பத்திரம்) அனுப்பி விற்பார்கள். ஆகவே போதகரின் சொந்தப் பெயரில் மட்டும் எழுத வேண்டாம். அவர் மனம் நொந்தாலும் பரவாயில்லை, நல்ல போதகர் இதைப் புரிந்துகொள்வார்.

இதற்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. சபை 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். அல்லது நொத்தாரிசு முன்னிலையில் ஒரு தர்ம நம்பிக்கைப் பொறுப்பு (ட்ரஸ்ட்) ஏற்படுத்தலாம். ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென்று காணியை வைத்து, மூன்று நாலு பேரைப் பொறுப்பாளராக நியமிக்கலாம். ஒரு பொறுப்பாளர் இறந்தால் அடுத்தவர் எப்படி வருவார் என்பதையும் எழுதிவிடுங்கள். பிள்ளைகளில் ஒருவரும், சபைக்கு வெளியே ஊர் மதிக்கும் ஒருவரும் அதில் இருப்பது நல்லது. உங்கள் நிலைக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முன்பள்ளி நடக்காவிட்டால் காணி உங்கள் பிள்ளைகளுக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதச் சொல்லுங்கள். கொடுத்த பிறகு மனம் மாறினால் இலகுவில் திரும்ப எடுக்க முடியாது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாரதூரமான நன்றிகேட்டை நீதிமன்றத்தில் நிரூபித்து இரத்துச் செய்யலாம்தான், ஆனால் அது நீண்ட வழக்கு. முன்பள்ளிக் கட்டடத்தில் ஞாயிறு ஆராதனையும் நடத்துவதானால், புதிய வழிபாட்டிடங்கள் பற்றிய 2008 சுற்றறிக்கையைக் காட்டி யாரும் தடுக்கக்கூடும் என்பதையும் சபையாரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு அலைச்சலும் வேண்டாம் என்று தோன்றினால், நீதிமன்ற உத்தரவோடு காணியை விற்று, பணத்தை முன்பள்ளிக்கென்று சபையின் வங்கிக் கணக்கில் போடலாம். பர்னபாவும் அப்படித்தான் செய்தார். நிலத்தை விற்றுக் கிரயத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலரிடம் கொடுத்தார். ஆனால் விற்றால் முற்கொள்வனவு உரிமை, அதாவது மற்றவர்களுக்கு முன் வாங்கும் உரிமை, பற்றிய கேள்வி எழலாம். காணி பங்குக் காணியானால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். நன்கொடைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பெர்மிட் காணிக்கு ஏற்கெனவே கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் திருப்பி வாங்குங்கள். முல்லைத்தீவில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, உறுதிப் பிரதி, திருமணச் சான்றிதழ், கணவரைத் தேடிச் செய்த முறைப்பாடுகள் ஆகிய மூன்றையும் கையில் கொண்டு போங்கள். கட்டணம் கட்ட முடியாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.