முதல் எழுத்து மட்டும்தான் போயிருக்கிறது

அன்புள்ள அண்ணனுக்கு,

காசிமேட்டில் ஒரு ஐஸ் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கடையில் வேலை குறைவு. சும்மா இருப்பானேன் என்று பையனுடைய பழைய லேப்டாப்பில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் கட்டளை அடித்து இயக்கும் பழைய டாஸ் இயங்குதளத்தின் இலவச வடிவமான ஃப்ரீடாஸ் நிறுவினேன். கறுப்புத் திரையில் நான் அடித்த சொல்லுக்கு அது பதில் சொன்னபோது அவ்வளவு சந்தோஷம். ஆனால் நேற்று வேறொரு கோப்பை அழிக்கப்போய், நாற்பது வரி ஐஸ் கணக்கு இருந்த காசிமேடு என்ற கோப்பை டெல் கட்டளை கொடுத்து அழித்துவிட்டேன். அது ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தேடிப் பார்க்கக் குப்பைத்தொட்டியும் இல்லை. இந்த வயதில், யாரும் பயன்படுத்தாத ஒன்றைக் கற்றுக்கொள்வது வீண்தானா?

ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஃப்ரீடாஸை அணைத்துவிடுங்கள். அதற்குள் புதிதாக எதையும் சேமிக்க வேண்டாம். அதன் வட்டு முழுவதையும் விர்ச்சுவல்பாக்ஸ் ஒரே பெரிய கோப்பாகத்தான் வைத்திருக்கும். அதை வேறு ஃபோல்டரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். சரி, இனி நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கணக்கு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கிறது. டாஸ் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டில் ஒரு பதிவு எழுதி வைக்கும், உங்கள் பேரேட்டில் ஒரு வரி மாதிரி. அதில் முதல் 11 பைட் பெயருக்கு. எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்து வால். காசிமேடு என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் கச்சிதமாக எட்டு. ராயபுரம் ஒன்பது ஆகிவிடும், இடம் போதாது. நீங்கள் டெல் அடித்ததும் டாஸ் அந்த நாற்பது வரிகளைத் தொடவே இல்லை. பெயரின் முதல் எழுத்தின் மேல் 229 என்ற எண்ணை எழுதியது. அந்தக் கோப்பு இருந்த கட்டங்களை இன்னொரு அட்டவணையில் காலி என்று குறித்தது. அவ்வளவுதான். கோப்பு எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது, எத்தனை பைட் என்பதெல்லாம் பதிவில் அப்படியே நிற்கும். அந்தக் கட்டத்தில் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்தால்தான் ஆபத்து. அதனால்தான் அணைக்கச் சொன்னேன்.

தொண்ணூறுகளில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ் படித்தேன். கட்டளைகளை நோட்டில் எழுதி ஒப்பிக்க வைத்தார்கள். ஏன் எட்டு எழுத்து என்று கேட்டால், அப்படித்தான் என்றார்கள். அப்புறம் மண்ணடியில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு கல்யாணப் பத்திரிகைக்கான, கல்யாணம் என்று பெயரிட்ட கோப்பை உங்களைப் போலவே அழித்தேன். கைகால் உதறியது. மூத்த ஆபரேட்டர் ஒருவர் வந்து, அழித்ததை மீட்கும் அன்டிலீட் கட்டளையை அடித்தார். திரையில் கேள்விக்குறியில் தொடங்கும் ஒரு பெயர் வந்து நின்றது. “முதல் எழுத்து என்ன தம்பி?” என்றார். “கே” என்றேன். கோப்பு வந்துவிட்டது. அழித்தால் என்ன நடக்கிறது என்று அவர் எனக்கு ஒரு பீடி பிடிக்கும் நேரத்தில் சொல்லி முடித்தார். ஆறு மாதப் படிப்பில் கிடைக்காதது அது.

வீணா என்கிறீர்கள். ஃப்ரீடாஸ் இருப்பதே இதை வீண் என்று நினைக்காதவர்களால்தான். எம்எஸ்-டாஸை மைக்ரோசாஃப்ட் கைவிடப்போகிறது என்று தெரிந்ததும், 1994இல் ஜிம் ஹால் என்ற கல்லூரி மாணவர், நாமே ஒன்றை எழுதுவோம் என்று அறிவித்தார். பலர் சேர்ந்து எழுதினார்கள். 1.0 பதிப்பு வர 2006 ஆனது. அதன் மூல நிரலை நீங்களும் திறந்து படிக்கலாம். நிரல்களுக்கு 640 கேபி நினைவகம் என்று வைத்துக்கொண்ட சின்ன உலகம் அது. ஓர் ஆள் மாலை வேளைகளில் உட்கார்ந்து, உள்ளே நடப்பதை ஓரளவு முழுதாகவே புரிந்துகொண்டுவிட முடியும். உங்கள் போனில் அது முடியாது. 41 வயதில் பேரேடு எழுதிப் பழகிய கை உங்களுடையது. அந்த 32 பைட் பதிவு பையனைவிட உங்களுக்குச் சீக்கிரம் புரியும்.

ஃப்ரீடாஸ் தொகுப்புகளில் அன்டிலீட் என்ற பெயரிலேயே ஒரு கருவி இருக்கிறது. பெயருக்குப் பின் சாய்கோடும் கேள்விக்குறியும் போட்டு, அது காட்டும் உதவியைப் படித்துவிட்டு, எடுத்து வைத்த பிரதியில் முயன்று பாருங்கள். இனிமேல் டெல் அடிக்கும்போது கடைசியில் சாய்கோடு, பி சேர்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கோப்புக்கும் கேட்டுவிட்டுத்தான் அழிக்கும்.

காசிமேடு திரும்பி வந்ததா என்று எழுதுங்கள்.

அன்புடன்.